சித்தியின் பழைய கம்ப்யூட்டர்

பழைய கம்ப்யூட்டர் என்றால் லூர்து பிரகாஷுக்குச் சோறு தண்ணி வேண்டாம். கடலூர் முதுநகரில் ரிப்பேர் கடை வைத்திருந்தான். பிழைப்புக்கு லேப்டாப்பும் பிரின்டரும் பார்த்தாலும், மனசு கிடந்ததெல்லாம் மற்றவர்கள் காயலான் கடைக்குத் தள்ளிவிட்ட பெட்டிகள் மேல்தான். அவற்றைப் பிரித்துத் துடைத்து மறுபடியும் ஓடவைப்பான். அதை வீடியோ எடுத்து யூடியூபில் போடுவான்.

ஜோதி மேரி அவன் அம்மாவின் தங்கை. சிதம்பரத்தில் தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தாள். பிறவியிலேயே கண் தெரியாது. பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகங்களை பிரெயிலில் அச்சடித்துக் கொடுத்து வந்தாள். எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு டெஸ்க்டாப்தான், விண்டோஸ் 98 ஓடுவது. அவள் தட்டத் தட்ட அதை வாய்விட்டுச் சொல்லும் மென்பொருள் அதில் இருந்தது. அதுவும் சரி, பிரெயில் அச்சு மெஷினும் சரி, புதுக் கம்ப்யூட்டர் எதிலும் ஓடாது. அவற்றைச் செய்து கொடுத்த கம்பெனியை மூடியே பல வருஷம் ஆகிவிட்டது.

பெட்டி திடீர் திடீரென்று நின்றுபோகிறது என்று சித்தி போனில் சொன்னதும் பிரகாஷ் பஸ் ஏறிவிட்டான். அப்படியொரு பெட்டி இன்னமும் தினசரி உழைக்கிறது என்பதே அவனுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. போனவன் மூடியைக் கழற்றினான். உள்ளே பஞ்சு மெத்தைபோலத் தூசி. அதைத் துடைத்து, ஃபேனை மாற்றி, செத்துப்போன பேட்டரியை எடுத்துப் புதிது போட்டான். ஹார்ட் டிஸ்க் கரகரவென்று அரைத்துக்கொண்டிருந்தது. அதில் இருப்பதையெல்லாம் மெமரி கார்டுக்கு மாற்றிவிடலாம், அடுத்த தடவை அதற்கான அடாப்டரோடு வருகிறேன் என்றான்.

இத்தனையையும் அலமாரி மேல் நிறுத்திவைத்த செல்போன் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அதை அவன் சித்தியிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள் என்று அவனுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியவா போகிறது என்ற நினைப்பும் ஓர் ஓரத்தில் இருந்தது. இடையிடையே அவளைப் பேசவிட்டு வேடிக்கை பார்த்தான். வீட்டுக்குத் திரும்பியதும் சோகமாக ஒரு புல்லாங்குழல் இசையைச் சேர்த்து, 'கண் இல்லாத சித்திக்குக் கண்ணான கம்ப்யூட்டர்' என்று தலைப்பு வைத்துப் போட்டான். அவன் போட்டதிலேயே அதுதான் காட்டுத்தீயாகப் பரவியது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து பிரகாஷ் வெளியே வந்தபோது போன் அடித்தது.

"பக்கத்து வூட்டு சந்திரலேகா போன்ல ஏதோ வீடியோ போட்டுப் பாத்தா. அதுல என் குரல் கேக்குது பிரகாஷ்," என்றாள் ஜோதி மேரி. அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவன் ஏதோ உளறினான். நல்ல எண்ணத்தில்தான் என்று ஆரம்பித்த பேச்சு அவன் காதுக்கே கேவலமாகக் கேட்டது. கோயில் வாசலில் நின்றபடியே வீடியோவை அழித்தான். ஆனால் வேறு எத்தனையோ பேர் அதை எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தார்கள். அதற்கு அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மறுநாள் காலையில் அடாப்டரும் கார்டுமாகச் சிதம்பரம் போனான். வழி நெடுக மன்னிப்புக் கேட்கிற விதத்தை மனசுக்குள் ஒத்திகை பார்த்தான். சித்தி அவனை உட்காரச் சொல்லிவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஊருக்கே தெரிஞ்சிது, எனக்கு மட்டும் தெரியல. அதுல என்னென்ன தெரிஞ்சிதுன்னு ஒண்ணு விடாம சொல்லு."

கம்ப்யூட்டரில் ஆரம்பித்தான். அது வேண்டாம், தன்னைப் பற்றிச் சொல் என்றாள். அவள் நைட்டியில் இருந்ததைச் சொன்னான். தோள்பட்டையில் தையல் விட்டிருந்ததைச் சொன்னான். தலை வாராமல் இருந்தது, பேசும்போது கண் மேலே செருகிச் செருகிப் போனது, அதைக் காட்டுவதற்கென்றே அவன் பெரிதாக்கி வைத்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பின்னால் கொடியில் காய்ந்த துணிக்கு வந்ததும் அவன் நிறுத்திவிட்டான்.

"என்ன துணி?"

"உள்பாவாடை... மத்த உள்துணியெல்லாம் சித்தி."

அவன் முகம் தீயில் காட்டியதுபோல எரிந்தது. இத்தனை நாளும் அந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்திருப்பான். ஒரு தடவைகூட அது அவன் கண்ணில் உறுத்தவில்லை.

ஜோதி மேரி நைட்டியின் கழுத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள். தோளைத் தடவித் தையல் விட்ட இடத்தைத் தேடினாள். இன்று அவள் போட்டிருந்தது வேறு நைட்டி. அவனால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. தரையில் இறங்கி விசும்பியபடி அவள் காலைத் தொட்டான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"அழுவாத. புள்ளைங்களுக்குப் பரிச்ச வருது, டிஸ்க்க மாத்திக் குடு," என்றாள். பிறகு பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "சந்திரலேகா, செத்த வந்து இங்க ஒக்காரு. இவன் வேலைய முடிச்சிட்டுப் போற வரைக்கும்."

சந்திரலேகா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பிரகாஷ் தன் செல்போனை அணைத்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு ஸ்குரூடிரைவரை எடுத்தான்.  மத்தியானம் வரைக்கும் அவன் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தான். சந்திரலேகா அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.