செவ்வாய், வியாழன் திறக்கும் ஜன்னல்

கோவிட் வந்துபோய் வருடக்கணக்காகியும் கஸ்தூரிக்கு மோப்பம் திரும்பவில்லை. பருப்பு அடிப்பிடித்தாலும் புகை கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் அடுப்பை அணைப்பாள். மூக்கு செய்யாத வேலையைக் கண்ணும் காதும் இழுத்துப் போட்டுக்கொண்டதால், பார்ப்பவர் எல்லோர் மேலும் அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும்.

சிம்பாங் ரெங்கத்தை ஒட்டிய அவர்கள் தாமான் குடியிருப்பில் ஆகஸ்ட், செப்டம்பர் என்றால் ஜெரெபு, புகைமூட்டம். தென்மேற்குக் காற்று கடலுக்கு அப்பாலிருந்து காட்டுத்தீப் புகையை அள்ளிவந்து கொட்டும். ஏழு வயது மகள் லோஷினிக்கு நெஞ்சு விசிலடிக்கும். "ஜெரெபு போனா சரியாயிடும்" என்பார் டாக்டர். வருடாவருடம் சரியாகத்தான் ஆனது. மழை தொடங்கி, காற்று செம்பனைத் தோட்டப் பக்கமிருந்து திரும்பி வீசியதும், பிள்ளை மூச்சுக்கு இழுக்கும் மருந்து பம்ப் அலமாரிக்குப் போய்விடும்.

இந்த முறை ஜனவரி பிறந்தும் போகவில்லை. மழை கழுவிய வானத்தில் புகையே இல்லை. கைப்பேசியில் காற்றுக் குறியீடு நல்லது என்றே காட்டியது. பிள்ளைக்கோ இரண்டு வாரத்தில் நான்கு தடவை மூச்சு முட்டியது. நான்காவது தடவை உதடு நீலம் பாரித்துவிட்டது. "இன்னொரு தடவ இவ்ளோ லேட்டா கொண்டு வராதீங்க" என்று கிளினிக் நர்ஸ் கண்டித்தாள்.

வீட்டுக்கு வந்து காலண்டரில் பெருக்கல் குறி போட்டுப் பார்த்தாள். நான்கும் செவ்வாய், வியாழன். அந்த நான்கு நாளும், அவள் தன் கையாலேயே மூடிய ஹால் ஜன்னல் இரவு எட்டு மணிக்குத் திறந்து கிடந்தது. கம்பியில் விரலை வைத்தால் கரி ஒட்டியது.

கரிக்கு ஆள் கிடைப்பது சுலபம். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் இலை கூட்டி எரிக்கிற கை. கஸ்தூரி வேலியோரம் போய் நின்றாள்.

"அக்கா, செவ்வாக்கிழம என்ன எரிச்சீங்க?"

"அலமாக், நானா? இந்த மழையில எல எங்க காயுது? ஆனா ஏழு மணிக்கு ஒரு நாத்தம் வருது லா, பிளாஸ்டிக் கருகுற மாதிரி. ஒனக்குத்தான் தெரியாதே, பாவம்."

அந்தப் 'பாவம்' கஸ்தூரிக்குச் சுருக்கென்று தைத்தது. எரித்தவளே நாற்றத்தைப் பற்றிப் பேசி நழுவுகிறாள் என்று முடிவு கட்டினாள். சுற்றுச்சூழல் இலாகாவுக்குக் கைப்பேசியிலேயே ஒரு புகார் எழுதி, பேச்சியம்மாளின் வீட்டு எண்ணையும் போட்டு, அனுப்பாமல் வைத்துக்கொண்டாள்.

ஜன்னலுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. கணவன் ரூபேந்திரன் காற்று வேண்டும் என்று எல்லாவற்றையும் திறந்து போடுகிறவன். ஆனால் செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய சாமான் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அவனுக்குச் செவ்வாயும் வியாழனும் ஓவர்டைம். எட்டு மணிக்குத்தான் வருவான். வீட்டிலேயே இல்லாதவனை எப்படிச் சந்தேகிப்பது? அவனை விட்டுவிட்டாள். எதற்கும் ஒரு வார்த்தை கேட்டு வைத்தாள்.

"ஏங்க, சாயங்காலம் எதாச்சும் வாடை வருதா?"

"ஒன்னும் இல்லயே. நீ சும்மா மண்டைய ஒடச்சிக்காத."

பதில் கொஞ்சம் வேகமாகவே வந்தது. முகம் சோற்றுத் தட்டை விட்டு நிமிரவில்லை.

வியாழக்கிழமை ஜன்னல் கொக்கிமேல் டேப் ஒட்டினாள். ஏழு மணிக்குச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரம் கழுவுகிறாள் என்று ஊரே நம்பட்டும் என்று, கதவிடுக்கில் கண்ணை வைத்து நின்றாள்.

டிவி பார்த்துக்கொண்டிருந்த லோஷினி மூக்கைச் சுருக்கினாள். எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். டேப்பை நகத்தால் பக்குவமாக உரித்தாள். கொக்கியைத் தூக்கி, ஜன்னலைத் தள்ளி, கம்பியில் மூக்கை அழுத்தி மூச்சை இழுத்தாள். இழுத்தது பாதியிலேயே இருமலாக உடைந்தது. மறுபடியும் இழுத்தாள்.

கஸ்தூரி ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். ஜன்னலை அறைந்து மூடினாள். பம்ப்பை வைத்து, நெஞ்சு அடங்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி தொறந்த? அம்மா எத்தன தடவ சொன்னேன்?"

"அப்பா வாசம் வந்துச்சும்மா."

"என்ன வாசம்?"

"ஓவர்டைம் முடிஞ்சு வந்து தூக்குவாருல்ல, அப்ப சட்டையில அடிக்குமே, அது. மொதல்ல அது ஜன்னல்ல வரும். அப்புறம் அப்பா வந்துருவாரு."

ஓவர்டைம் நாளில் மட்டும் தன் சட்டையைத் தானே துவைத்துக்கொள்ளும் புருஷனை நினைத்துத் தெருவில் எத்தனை பேரிடம் பெருமை பேசியிருக்கிறாள்!

எட்டு மணிக்கு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ரூபேந்திரன் வழக்கம்போல் வாசலிலேயே குனிந்து கைகளை விரித்தான். கஸ்தூரி பிள்ளையைக் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"ஜன்னல யார் தொறக்கறான்னு கண்டுபிடிச்சிட்டேன். லோஷினி, அப்பாகிட்டயே சொல்லு."

பிள்ளை ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். வாசம் வந்தால் அப்பா வருவார் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். விரிந்த கைகள் விரிந்தபடியே நின்றன.

"என்ன எரிக்கிறீங்க அங்க?"

"ஒயரு. செம்பு எடுக்க." அவன் குரல் இறங்கியது. "ஜெரெபு மாசத்துலதான் ஆரம்பிச்சாங்க. எவனுக்கும் வித்தியாசம் தெரியாதுன்னாங்க. காத்து இந்தப் பக்கம் திரும்பும்னு நான் நெனைக்கல, கஸ்தூரி."

"எனக்கு மூக்கு செத்துப்போச்சுன்னுதான இவ்ளோ தைரியம்?"

கஸ்தூரி புகார் எழுதி வைத்திருந்த கைப்பேசியை நீட்டினாள்.

"எல்லாம் எழுதிட்டேன். எடம்தான் தப்பு. நீங்களே மாத்துங்க."

"வேல போயிரும்."

"தெரியும். மாத்துங்க."

அவன் வாசற்படியில் உட்கார்ந்து, பேச்சியம்மாளின் வீட்டு எண்ணை ஒவ்வோர் இலக்கமாக அழித்தான். லோஷினி அம்மாவின் பிடிக்குள்ளிருந்தே கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஏம்ப்பா இன்னிக்குத் தூக்கல?"

"குளிச்சிட்டு வரேம்மா" என்றான் ரூபேந்திரன். ஆனாலும் எழவில்லை, தொழிற்சாலையின் பேரைத் தட்டத் தொடங்கினான்.