லதீஸின்ர தோளில இருந்த பெட்டை

செத்த காரணம் பாக்கக் கொறோனர் வெட்டித் தைச்ச தையல் தாய்க்குத் தெரியக்கூடாது எண்டதுதான் என்ர கவலை. "முகமும் தோளும் மட்டும் தெரியப் போனைப் பிடியடா கீர்த்தனன். கீழை இறக்கினியோ, உனக்கிருக்கு!" எண்டு கத்திக் கத்தித்தான் லதீஸுக்கு வேட்டி உடுத்தினனான். லிட்கமில, செத்த ஆக்களை வைக்கிற பியூனரல் பார்லரின்ர பின்னறை. போனுக்குள்ள, கிளிநொச்சியில இருந்து, தாய் கமலேஸ்வரி.

நான் தேவராஜா. சிட்னியில எங்கட ஆக்கள் ஆர் செத்தாலும் உடுத்திவிட என்னைத்தான் கூப்பிடுவினம். எத்தினையோ கிழடுகளை அனுப்பி வச்சனான், என்ர மனசை அது ஒண்டும் செய்யேல்லை. ஆனா இவன் அகதியாய்ப் படகில வந்தவன். பன்ரெண்டு வருசம் பிரிட்ஜிங் விசா எண்ட தற்காலிக விசாவில இழுபட்டு, முப்பத்தொரு வயசில தன்னைத்தானே முடிச்சுக்கொண்டவன். தாய்க்கும் அது தெரியும். எனக்குக் கோவம் கோவமாய் வந்தது. ஆரோட எண்டு கேக்காதேங்கோ, அவனோடயுந்தான்.

"அண்ணை, அது ஆர் பிள்ளை?" எண்டு போனுக்குள்ள சத்தம்.

"எது தங்கச்சி?"

"அவன்ர தோளில."

அப்பதான் நானும் வடிவாய்ப் பாத்தன். இடது தோளில பச்சை குத்தியிருந்தது. கட்டையாய் வெட்டின தலைமயிர், பெரிய கண், கையில ஒரு காகிதத் துண்டு. ஒரு பெட்டை. அட பேய்க்காய், ஒருத்தருக்கும் சொல்லாமல் ஆளை வச்சிருந்திருக்கிறான் எண்டு நினைச்சன்.

ஒரு கிழமையாய் அழுத கமலேஸ்வரி அழுகையை நிப்பாட்டிப்போட்டா. "என்ர பிள்ளைக்கு ஒருத்தி இருந்தவளோ அண்ணை? அவளைக் கூப்பிடுங்கோ. என்னால வாய்க்கரிசி போடேலாது. எனக்குப் பதிலாய் அவள் போடட்டும். அவள் போடாமல் பெட்டியை மூட விடமாட்டன்."

போனை மேசையில சாத்தி வச்சிட்டு, கீர்த்தனனை வெளியில இழுத்துக்கொண்டு போய்ப் பேசு பேசெண்டு பேசினன். அவனும் லதீஸும் வென்ட்வேர்த்வில்லில ஒரே அறை. "ஏன்டா மறைச்சனி? அந்தப் பெட்டைக்கு அறிவிச்சனியளோ இல்லையோ?"

"அங்கிள், அது பெட்டையில்லை. காட்டூன்."

"என்னடா?"

"ஜப்பான்காரன்ர பேய்க்கதை அங்கிள், அனிமே. அதில இவள் நாலே நாலு எபிசோட்தான் வாறவள். செத்த ஆக்கள் போய்ப் பதியிற கந்தோரில, பேப்பர் சரியில்லை எண்டு கையில நம்பர் துண்டைக் குடுத்து இருத்தி வச்சிருப்பாங்கள். அங்காலையும் போகேலாது, திரும்பி வரவும் ஏலாது. கதாநாயகன் வந்து, உன்னைக் கூட்டிக்கொண்டு போக வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போவான். பிறகு வரவேமாட்டான். கதை எழுதினவனே அவளை மறந்துபோனான். லதீஸ் ஒவ்வொரு கிழமையும் பாத்துக்கொண்டிருந்தவன், அவளைத் திருப்பிக் காட்டுவாங்கள் எண்டு. போன மாசம் கதை முடிஞ்சு போச்சு."

என்ர கடவுளே! மணிக்கூட்டைப் பாத்தன்.

ரண்டு மணிக்கு எரிக்கிறதுக்கு நேரம் எடுத்திருந்தது. விட்டா அடுத்த கிழமைதான். அப்பவே ஒண்டேகால். தாய்க்கு என்னத்தைச் சொல்லுறது? உன்ர பிள்ளைக்குத் துணையாய் இருந்தது ஒரு படம் எண்டோ? தன்ர பிள்ளை தனிய இருக்கேல்லை எண்ட நினைப்பு இப்பதான் அந்த மனுசிக்குக் கிடைச்சிருக்கு. அதைப் பறிக்க எனக்கு மனம் வரேல்லை. நல்லது செய்யிறன் எண்டுதான் நினைச்சன், மடையன்.

கீர்த்தனன்ர தங்கச்சி தர்சினி முன்னறையில கதிரையில இருந்தவள். யூனியில படிக்கிற பிள்ளை. லதீஸை ரண்டு தரம் கண்டிருப்பாள். அவளுக்கும் தலைமயிர் கட்டை.

"பிள்ளை, அஞ்சு நிமிச வேலை. வந்து அரிசியைப் போடு. தாய் என்ன கேட்டாலும் ஓம் எண்டு சொல்லு."

"அங்கிள், இது பொய்யல்லோ?"

"பொய்தான். வாம்மா."

அவள் போட்டாள். பாதி அரிசி அவன்ர கழுத்தில சிந்திச்சுது. கமலேஸ்வரி போனுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து அவளையே பாத்தா.

"பிள்ளை, அவன் உன்னில விருப்பமாய் இருந்தவனோ?"

"ஓம் அம்மா."

"நீயும்?"

"ஓம் அம்மா."

"ஒவ்வொரு நாளும் அவனோட கதைச்சனியோ?"

தர்சினி என்னைப் பாத்தாள். நான் தலையை ஆட்டினன். "ஓம்" எண்டாள்.

அப்பாடா, முடிஞ்சுது எண்டு நான் பெட்டியை மூடச் சொல்லிக் கையைக் காட்டினன்.

"அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கும்" எண்டா கமலேஸ்வரி. குரல் மாறிப்போச்சு. "நான் கடலுக்கு இங்கால கிடந்தனான், எனக்குத் தெரியேல்லை. நீ கிட்ட இருந்தனி. ஒவ்வொரு நாளும் கதைச்சனி. உனக்கும் தெரியேல்லையோடி? பாத்துக்கொண்டிருந்து என்ர பிள்ளையைச் சாகவிட்டனியோ? நாசமாய்ப் போவாய்!"

நான் போனை எடுத்திருக்கலாம். இந்தப் பிள்ளை ஒண்டும் அறியாது, நான்தான் கொண்டுவந்து நிப்பாட்டினனான் எண்டு சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தன். உண்மையைச் சொன்னா அந்த மனுசிக்கு ஏசக்கூட ஒரு ஆள் மிஞ்சாது. வாயை மூடிக்கொண்டன்.

தர்சினி ஓடேல்லை. அழுதுகொண்டு போனுக்கு முன்னால முழங்காலில இருந்தாள். "ஓம் அம்மா. எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும். என்னை மன்னிச்சிடுங்கோ."

"மாட்டன்" எண்டா கமலேஸ்வரி. "அண்ணை, இனி மூடுங்கோ."