முப்பத்தேழு டிகிரியில் தயிர்

ஈஸ்ட் செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழைகள் இருபக்கமும் இழுத்துப் பங்கிடும். இழை பற்றும் பிடியைப் பல புரதங்கள் கூடிக் கட்டுகின்றன. அவற்றில் சிவப்பாக ஒளிரும் உள்புரதம் முதலில் உட்கார்ந்தால்தான் பச்சையாக ஒளிரும் வெளிப்புரதம் அதன்மேல் ஏறும் என்பது அனந்தலக்ஷ்மியின் கட்சி. எல்லாம் சேர்ந்து மொத்தமாக வந்து ஒட்டும் என்பது அவளுடைய கைடு மஹாதேவனின் கட்சி.

கல்கத்தாவின் கித்திர்ப்பூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவரின் மகள் அவள். குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். பணிந்து பேச வராது, கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. இன்று மூன்று மணிக்குள் நிரூபிக்காவிட்டால் ஆராய்ச்சி சக மாணவன் அபினவ் கைக்குப் போய்விடும் என்று மஹாதேவன் சொல்லியிருந்தார். அபினவ் காலையிலேயே அவள் மேஜையைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தான்.

அவளுடைய ஈஸ்ட் நோஞ்சான் ரகம். இருபத்தைந்து டிகிரியில் சமர்த்து. முப்பத்தேழில் உள்புரதம் குலைந்துவிடும். இருபத்தைந்துக்கு ஒன்று, முப்பத்தேழுக்கு ஒன்று என்று இரண்டு சூட்டுப்பெட்டிகளிலும் ஒவ்வொரு குடுவை வைத்திருந்தாள். மதியம் இருபத்தைந்து டிகிரிப் பெட்டியைத் திறந்தால் அனல் அடித்தது. குடுவையை இடித்துக்கொண்டு ஒரு மண்சட்டித் தயிர். மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள், சிவப்புமில்லை, பச்சையுமில்லை; ஒப்பிட்டுக் காட்ட நல்ல செல்லே மிச்சமில்லை.

"எந்த எருமை இதுல சூட்டை ஏத்தினது?"

"நான்தாம்மா," என்றார் பின்னால் நின்ற மஹாதேவன். "ஜனவரிக் குளிர்ல ஆத்துல மிஷ்டி தோய் உறையவே மாட்டேங்கறது. மாப்பிள்ளை வரார். முப்பத்தேழு பெட்டியில இடமில்லை, இதையும் அந்தச் சூட்டுக்குத் திருப்பினேன்."

"உங்க மாப்பிள்ளைக்குத் தயிர், என் செல்லுக்குக் கொள்ளியா சார்?"

"கோவிச்சுக்காதே. ஆனா மூணு மணின்னா மூணு மணிதான்."

அவளுக்கு வாய்வரை வந்தது தமிழில் அச்சேறாத வசவு ஒன்று. விழுங்கினாள். விழுங்கும்போதே உறைத்தது: குலைந்தது ஆறினால் மறுபடி கட்டத்தானே வேண்டும்? எது முதலில் எழும்புகிறது என்று பார்த்தால் போயிற்று.

சட்டியை அபினவ் கையில் திணித்துவிட்டு, குடுவையை மேஜைமேல் ஆறவைத்தாள். அடிக்கொருதரம் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தாள். இருட்டு. இருட்டு. பிறகு சிவப்புப் புள்ளிகள், தனியாக. வெகுநேரம் கழித்துத்தான் அவற்றின்மேல் பச்சை வந்து உட்கார்ந்தது.

மூன்றடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில் மஹாதேவனைக் கூப்பிட்டாள். அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"சிவப்புதான் முதல்ல வரது," என்றார் தொண்டைக்குள்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார். அபினவுக்குக் கேக்கல."