ஏழும் இரண்டும்

பத்தரை மணிக்குக் காதுகுத்து. பத்து இருபதுக்கும் மனோஜ்குமார் அவிநாசி மண்டபத்துத் தூணில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா மகனை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் அவன்.

"மாமங்காரன் போன்லயே காது குத்திப்போடுவானாட்ட இருக்குது," என்றார் அங்கப்பன் பெரியப்பா. சுற்றிலும் சிரித்தார்கள்.

அவன் மனைவி கனிஷ்கா சிரிக்கவில்லை. போனில் அவன் ஆடிக்கொண்டிருந்தது காலையில் தொடங்கிய போக்கர் சீட்டுப் போட்டி. நூற்றுக்கணக்கானவர்களில் பத்துப் பேர் மிச்சம். இன்னும் ஒருவர் போனால், மீதி ஒன்பது பேருக்கும் கோவாவில் நடக்கும் பெரிய போட்டியில் இடம். அது கிடைக்காவிட்டால் இதோடு விட்டுவிடுவதாக வரும் வழியில் சொன்னான். நாளையிலிருந்து துடியலூரில் அவள் அண்ணன் தம்பிதுரையின் லேத் பட்டறைக்குப் போவான். முன்பும் சொல்லியிருக்கிறான். இந்த முறை அண்ணனிடமே பேசிவிட்டான்.

"டேய் மனோஜு, வாடா. ஆசாரி எத்தன நேரம் ஊசியோட உக்காந்திருப்பாரு?" அக்கா கத்தினாள்.

அவன் போனைக் கனிஷ்காவிடம் நீட்டினான்.

"எங்கிட்ட சிப்பு கம்மி. இந்த நெலமைல ரெண்டே பட்டன்தான், கண்ணு. ஏஸோ ஜோடியோ வந்தா ஆல்-இன் அமுக்கு, இருக்கறது அத்தனையும் உள்ள போயிரும், தோத்தா வெளிய. இல்லாட்டி ஃபோல்டு, சீட்டக் கீழ போட்டுரு."

"எனக்கெதுக்குங்க இது? நீங்களே பாருங்க."

"அப்ப மாமன் மடிக்கு நீ போய் உக்காருவயா?"

அவன் போய்ச் சம்மணமிட்டான். மொட்டைத் தலையில் சந்தனம் காயாத குழந்தையை மடியில் வைத்தார்கள்.

கனிஷ்கா கையிலிருந்த திரையில் ராணியும் ஐந்தும் வந்தன. ஃபோல்டு. ஒவ்வொரு சுற்றிலும் கட்டாயமாகப் போட வேண்டிய பந்தயம் சிப்பைக் கொஞ்சம் தின்றது. இரண்டு வருடமாக அவன் முகம் இப்படித்தான் தேய்கிறது என்று நினைத்தாள். காலை எட்டு மணிக்கு டிபன் பாக்ஸோடு ஒருவன் வண்டியை எடுப்பதை நினைத்துப் பார்த்தாள். அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அடுத்து ஏழும் இரண்டும். ஆட்டத்திலேயே மோசமான சீட்டு அதுதான் என்று அவன் பலமுறை சொல்லியிருக்கிறான்.

ஆல்-இன் அமுக்கினாள்.

ஒவ்வொருவராக விலகினார்கள். இவளைவிடச் சிப்பு குறைந்த ஒருவன் மட்டும் ஏஸும் ராஜாவும் வைத்துக்கொண்டு நின்றான். நடுவில் இருவருக்கும் பொதுவான ஐந்து சீட்டுகள் விழுந்தன. மூன்றாவது, ஏழு. கடைசி, இரண்டு. இரண்டு ஜோடி சேர்ந்து இவள் ஜெயித்தாள்; எதிராளி வெளியேறினான். மண்டபத்தில் குழந்தை வீறிட்டது. எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனோஜ்குமார் வேட்டியில் சந்தனக் கறையோடு ஓடி வந்தான்.

"ஒம்பது பேரா? என்ன வந்துச்சு?"

"ஏழும் ரெண்டும்."

"அதுலயா அமுக்குன?"

தலையசைத்தாள். அவன் சிரித்தான். அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

"காலைல இருந்து பயந்து பயந்து ஃபோல்டு பண்ணீட்டு உக்காந்திருந்தேன். அதான் சிப்பெல்லாம் கரைஞ்சுபோச்சு. நீ பயமேயில்லாம அமுக்கிப்போட்டயே அம்மணி."

தூரத்தில் அக்கா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அவன் போனை வாங்கிக்கொண்டு மறுபடி தூணில் சாய்ந்தான். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"உங்கண்ணங்கிட்ட நாளைக்கு வரலைன்னு நீயே சொல்லிப்போடறயா, கண்ணு?"