எண் இல்லாத சட்டை

“ஒரே ஒரு தடவை அந்தப் பாட்டைப் பாடணும்ப்பா,” என்றான் டெக்லன்.

“எந்தப் பாட்டு?” என்றார் க்ளைவ்.

“ஜெயிச்சா உள்ள போய் வட்டமா நின்னு பாடுவாங்களே, க்ளப் பாட்டு. எனக்கு வார்த்தையெல்லாம் மனப்பாடம். பாடறதுக்குத்தான் சந்தர்ப்பமே வரல.”

“நீ சேரப்போற டூர்லின் க்ளப்புல நம்ம பாட்டைப் பாட மாட்டாங்க. அவங்க பாட்டு வேற.”

“தெரியும்.”

“அப்ப எவன் பாட்டையோ பாடப் போறே.”

“ஏதோ ஒண்ணு பாடினாப் போதும்ப்பா. எனக்கு இருபத்தஞ்சு ஆகுது.”

க்ளைவ் தேநீர்க் கோப்பையைத் தொட்டியில் வைத்துக் கழுவினார். ஏற்கெனவே கழுவிய கோப்பை அது. “அங்க ஒரு நம்பர் கொடுப்பாங்க. நல்ல நம்பராக் கேட்டு வாங்கு,” என்றார்.

அப்பாவும் மகனும் பேசிக்கொண்டது அதோடு சரி. நான் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரில் யாராவது ஒருவர் சிரித்துவிடுவார், அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். சீவி முடித்துத் திரும்பினால் சமையலறையில் யாரும் இல்லை.

அதற்கு அப்புறம் ஏழு வருஷம் போய்விட்டது.

எங்கள் கெலாண்ட்ராவில் கோதுமைக் குதிர் ஒன்று, மதுக்கடை ஒன்று, கால்பந்து மைதானம் ஒன்று. காரில் இருபது நிமிஷம் போனால் டூர்லின். அங்கே இதெல்லாம் இரண்டிரண்டு உண்டு. ஆஸ்பத்திரியும் பெரிய பள்ளியும் இருப்பதால் வேலைக்கு ஆள் வருகிறார்கள். ஆள் இருந்தால், கையாலும் பந்தைப் பிடிக்கிற எங்கள் நாட்டுக் கால்பந்துக்கு வேண்டிய பதினெட்டுப் பேரைக் களத்தில் இறக்கலாம். எங்களிடம் அணிச் சின்னமான எமு பறவையின் படம் போட்ட கொடி மட்டும் நன்றாக இருக்கிறது.

டெக்லன் பெரியவர்கள் அணியில் சேர்ந்த நாளிலிருந்து கெலாண்ட்ரா ஒரு ஆட்டமும் ஜெயித்ததில்லை. ஒருமுறை சமன் ஆனது. சமன் ஆனால் பாட்டுப் பாடலாமா கூடாதா என்று கமிட்டி அவசரமாகக் கூடி விவாதித்தது. விவாதம் முடிவதற்குள் பையன்கள் குளித்து, தலை சீவி, வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

தோல்வியைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் வருத்தப்படுவதில்லை. எங்கள் பக்கத்துக் குளிர்காலமான ஆகஸ்டில் புல்மேல் வெகுநேரம் நின்றால் கால்விரல்கள் இருக்கிற இடமே தெரியாது, வலியும் தெரியாது. அப்படித்தான் இதுவும். சனிக்கிழமை வந்தால் வேலியைச் சுற்றிக் காரை நிறுத்துகிறோம். ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறோம். நம் ஆள் கோல் போட்டால் எல்லாரும் ஹாரன் அடிப்பது வழக்கம். போன மாதம் நடு ஆட்டத்தில் ஒரு ஹாரன் நீளமாக ஒலித்தது. கிழவர் ஆம்ப்ரோஸ் தூங்கி ஸ்டியரிங்கில் தலை சாய்த்துவிட்டார்.

ஜனங்கள் வருவது ஆட்டத்துக்காக அல்ல, என் கணவரின் குரலுக்காக. நான் நடத்தும் கான்டீனின் கூரைக்கு மேலே ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. க்ளைவ் அதில் உட்கார்ந்து மைக்கில் வர்ணனை செய்வார்.

“எமுவுக்குப் பின்பக்கமா நடக்கத் தெரியாதுன்னு சொல்வாங்க. நம்ம எமுவுங்க முன்பக்கமாவும் நடக்கறதா தெரியல,” என்பார். “நம்ம நீலம் பந்தைப் புடிச்சிட்டான். புடிச்சதுல அவனுக்கே ஆச்சரியம். டேய், வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடாதே, அது க்ளப் சொத்து.” நீலம் எங்கள் கேப்டன். தலைமுடி செக்கச்செவேல் என்று இருப்பவனைக் கேலியாக நீலம் என்று கூப்பிடுவது எங்கள் வழக்கம். “அந்தக் கம்பத்துப் பக்கம் வெள்ளைக் கோட்டு போட்டு நிக்கற நடுவருக்கு யாராவது ஒரு போர்வை கொடுங்க. நாம கோல் போட்டாத்தானே அவர் கொடி அசைச்சு உடம்பைச் சூடாக்கிக்க முடியும்.” ஆட்டத்தின் நான்கு கால்பகுதிகளில் ஒன்று முடிந்ததும், “ஸ்கோரைச் சொல்லலாம். ஆனா கார்ல சின்னப் புள்ளைங்க இருக்காங்க,” என்று நிறுத்திக்கொள்வார்.

கார்களுக்குள் எல்லாரும் சிரிப்பார்கள். கண்ணாடி மூடியிருப்பதால் சத்தம் வெளியே வராது. தோள்கள் குலுங்குவது மட்டும் தெரியும்.

ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் அவரிடம் ஒரு செல்லப்பெயர் உண்டு. எதிரணிப் பையன்களுக்கும் வைத்திருக்கிறார். டூர்லின் வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் மைதானத்துக்கு வரும். அன்று ஒருவனுக்கு மட்டும் பெயர் இருக்காது. “டூர்லினின் பன்னிரண்டாம் நம்பர் கிட்ட பந்து. பன்னிரண்டு உதைக்கிறார். ஆறு புள்ளி.” அவ்வளவுதான். கேலி இல்லை, திட்டு இல்லை, டா போட்டுப் பேசுவதுகூட இல்லை. ரயில் வருகிற நேரத்தைச் சொல்வது போல் சொல்வார். அந்தப் பன்னிரண்டு களத்திலிருந்து ஒருதரம்கூடக் கொட்டகையை நிமிர்ந்து பார்த்ததில்லை.

வீட்டில் க்ளைவ் அதிகம் பேசுகிற மனிதர் அல்ல. மழை, ஆடு, டயர். மைக் கையில் இருந்தால்தான் அவருக்கு நாக்கு புரளும். அவர் மனசில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள நானும் ஊரைப் போலச் சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும்.

புதன்கிழமைதோறும் நான் டூர்லினுக்குத் தலைமுடி திருத்தப் போகிறேன். அதாவது, அப்படிச் சொல்லிவிட்டு டெக்லன் வீட்டுக்குப் போகிறேன். அவனுக்குக் கல்யாணமாகி மூன்று வயதில் ஆட்ரி என்று ஒரு பெண் இருக்கிறாள். வாரம் தவறாமல் முடி திருத்துகிற எந்தப் பெண்ணின் தலையும் என் தலையைப் போல் இருக்காது. க்ளைவ் அதைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. ஆனால் புதன்கிழமை காலையில் கார்க் கதவைத் திறந்தால் முன்சீட்டில் ஒரு டஜன் முட்டை இருக்கும். “முடி திருத்தற பொண்ணுக்கு,” என்பார். ஆட்ரி பிறந்த பிறகு அதோடு எலுமிச்சம்பழமும் இருந்தது. போன கிறிஸ்துமஸுக்கு, அவர் கையால் செதுக்கிய ஒரு மரக் குதிரையும் இருந்தது. “முடி திருத்தற பொண்ணுக்கா?” என்றேன். “அவளுக்குப் பொழுது போகணுமில்ல,” என்றார்.

அப்போதே கேட்டிருக்கலாம். பலதரம் கேட்க வாயெடுத்தேன். ஆட்டு மருத்துவரிடம் போய்த் திரும்பும் வழியில், அவருக்கு ஜுரம் வந்தபோது, விளக்கை அணைத்த பிறகு. அந்த ஒரு வாக்கியம் பல்செட் மாதிரி என் வாயிலேயே இருந்தது. பழகிவிட்டது. சில நாள் அது இருப்பதே தெரியாது.

இந்த வருஷம் கமிட்டி இரண்டு தரம் கூடியது. அடுத்த பருவத்துக்கு ஆள் சேராது, கெலாண்ட்ரா இனிமேல் அணி இறக்காது என்று முடிவானது. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஒலிபெருக்கியைக் கழற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றார்கள். க்ளைவ்தான் அதற்குக் கை தூக்கி முதலில் ஆமோதித்தவர். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் கணவரின் வாயையே கழற்றிக் கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு அழுகை வரவில்லை. அடுத்தவருக்குத் தட்டை நீட்டினேன்.

கடைசி ஆட்டம் டூர்லினோடு, எங்கள் மைதானத்தில்.

எங்கள் பக்கம் பதினைந்து பேர் இறங்கினார்கள். “பதினெட்டுப் பேர் ஆடற ஆட்டம் இது. மீதி மூணு பேரை நீங்களே கற்பனை பண்ணிக்குங்க, நல்லாத்தான் ஆடுவாங்க,” என்று க்ளைவ் தொடங்கினார். இரண்டாம் கால்பகுதியில் ஒருவனுக்குத் தோள்பட்டை நழுவியது. சட்டையோடு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். மூன்றாம் கால்பகுதி முடியும்போது இன்னொருவனின் மனைவி வேலியோரம் வந்து, பசு கன்று போட முடியாமல் தவிக்கிறது என்றாள். அவனும் சட்டையோடு காரில் ஏறிப் போய்விட்டான். “காளைக் கன்னா இருந்தா நம்ம அணியில சேர்த்துக்கலாம்,” என்றார் க்ளைவ்.

இப்போது பதின்மூன்று பேர். பதினான்குக்குக் கீழே போனால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்பது சட்டம். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் அடுப்பில், மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடுகிற இறைச்சிப் பை அறுபது வெந்துகொண்டிருந்தது. வயதானவர்கள் எழுபது மைல் தள்ளியிருந்து கூட வந்திருந்தார்கள். கடைசி ஆட்டம் பாதியில் நிற்பதை ஒருவரும் விரும்பவில்லை. அதனால் டூர்லின் கேப்டன் எங்கள் நீலத்திடம் வந்து, ஓர் ஆளை இரவல் தருகிறோம் என்றான். சின்னப் பையன்கள் ஆட்டத்தில் இது சகஜம். பெரியவர்கள் ஆட்டத்தில் கூடாது. லீக்கிலிருந்து வந்திருந்த அதிகாரி அந்த நேரம் தன் இறைச்சிப் பையைப் பிட்டு ஊதி ஆற்றத் தொடங்கினார். ரொம்ப நேரம் ஊதினார்.

நீலம் கான்டீனுக்கு ஓடி வந்தான். “ஆன்ட்டி, நம்ம சட்டை ஒண்ணு வேணும். ரெண்டு சட்டை ஊரை விட்டே போயிடுச்சு. பெட்டியில வேற இல்ல.”

“யாருக்குடா?”

அவன் தக்காளிச் சாஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “அவங்கள்ல யாரும் எமு சட்டை போட மாட்டேன்னுட்டாங்க. ஒருத்தன்தான் கை தூக்கினான்.”

யார் என்று நான் கேட்கவில்லை. சாயங்கால வெயில் முகத்தில் அடிக்காமல் இருக்க, கான்டீன் ஜன்னலில் ஒரு பழைய எமு சட்டையைத் திரையாகக் கட்டியிருந்தேன். அவிழ்த்தேன். வெயிலில் சாயம் போயிருந்தது. நெஞ்சில் சாஸ் கறை. முதுகில் இருந்த எண் எப்போதோ உரிந்து விழுந்துவிட்டது. நீலத்திடம் கொடுத்தேன். திரை இல்லாத ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்தது, களமும் நேராகத் தெரிந்தது.

டெக்லன் டூர்லின் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டான். எமு சட்டை அவனுக்குச் சின்னது. முப்பத்திரண்டு வயது வயிறு கீழே எட்டிப் பார்த்தது. இழுத்துவிட்டுக்கொண்டு களத்தின் நடுவே போனான். கடைசிக் கால்பகுதி தொடங்கச் சைரன் ஊதியது.

பந்து அங்கும் இங்கும் போனது. ஒலிபெருக்கியில், “நீலம்... நீலம் கையால தட்டி விடறான்...” என்று கேட்டது. பந்து டெக்லனின் கைக்குப் போனது. ஒலிபெருக்கி நின்றது.

கம்பி அறுந்துவிட்டதோ என்று முதலில் நினைத்தேன். டெக்லன் உதைத்தான். பந்து வேறொருவனிடம் போனதும் க்ளைவின் குரல் வந்தது. மறுபடி டெக்லனிடம் பந்து. மறுபடி மௌனம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவன் இப்போது டூர்லின் அல்ல, முதுகில் எண்ணும் இல்லை. கூப்பிடுவதற்குப் பெயர் ஒன்றுதான் மிச்சம்.

கார்கள் மெல்லக் கண்ணாடியை இறக்கின. வர்ணனை கேட்காததால் ஜனங்கள் வேறு வழியில்லாமல் ஆட்டத்தைப் பார்த்தார்கள். டெக்லன் ஓட ஓட அந்த மௌனமும் அவன் கூடவே ஓடியது. ஒருமுறை கோல் கம்பங்களுக்கு நேராக உயர எழும்பி, இரண்டு பேர் தலைக்கு மேல் பந்தைப் பிடித்தான். நல்ல பிடி. எங்கள் மைதானத்தில் அப்படி ஒன்றைப் பார்த்து வெகு நாளாகிறது. பிடித்தவனுக்கு நிதானமாக உதைக்க உரிமை உண்டு. அவன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நின்றவன் நிமிர்ந்து, கொட்டகையைப் பார்த்தான்.

கடைசிக் கால்பகுதியில் க்ளைவுக்கு ஓர் இறைச்சிப் பையும் தேநீரும் எடுத்துப் போவது என் வழக்கம். எடுத்துக்கொண்டு படியேறினேன். தேநீர் சிந்தவில்லை. எனக்கு எதுவும் ஆகவில்லை என்றே நினைத்துக்கொண்டேன்.

கொட்டகையில் அவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது. உதடு ஏதோ ஓர் எழுத்தில் நின்றிருந்தது. என்னைப் பார்த்தார். மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் அதைக் கவனித்தேன். அணைக்கச் சொல்லவில்லை. கீழே நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டெக்லன் இன்னும் உதைக்கவில்லை.

தட்டை மேசையில் வைத்தேன். ஏழு வருஷமாக வாயில் கிடந்ததை எடுத்து வெளியே வைப்பது அப்படியொன்றும் கடினமாக இல்லை.

“க்ளைவ்,” என்றேன். என் குரல் ஒலிபெருக்கி வழியாகப் போய், ஊர்க் குதிரில் மோதித் திரும்பி வந்தது. “நம்ம புள்ளை பேரைச் சொல்லு.”