மேற்படி பயணிக்குப் பதினான்கு வசதிகள்

வியாழக்கிழமை மத்தியானம் ராஜபாளையத்தில் எங்கள் பேண்டேஜ் கம்பெனியின் சாப்பாட்டு அறையில் இருந்தவர்கள்: மேஜையின் தலைமாட்டில், காற்றாடிக்கு நேர் கீழே, சூப்பர்வைசர் வேலுசாமி அண்ணாச்சி. அவருக்கு வலப்பக்கம் ஸ்டெரிலைசர் மெஷின் பார்க்கும் இசக்கிமுத்து. அவனுக்கு எதிரே பேக்கிங் தங்கபாய் அக்கா, டிபன் பாக்ஸை இன்னும் மூடாமல். அக்காவுக்கு அடுத்து டெஸ்பாட்ச் செக்‌ஷன் மாரிசெல்வியாகிய நான், மடியில் ஃபைலோடு. மேஜை நடுவில், ஊறுகாய் டப்பாவில் சாய்த்து வைத்த போனுக்குள், மதுரை டூர் கம்பெனி விமல். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்துப் பெஞ்சில், வாசலைப் பார்க்க, ராவியத்.

பத்தொன்பது வருஷமாக ராவியத் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டிருக்கிறாள். அன்றைக்கு அங்கே போய் உட்கார்ந்துகொண்டாள்.

விஷயம் இதுதான். போன வருஷம் வெளிநாட்டு ஆர்டர் ஒன்றை ஒரு பெட்டிகூடத் திரும்பி வராமல் முடித்துக் கொடுத்ததற்காக, பழைய ஆட்கள் பத்துப் பேரை வெளிநாடு அனுப்புகிறேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். பாதிச் செலவு அவர், பாதி நாங்கள். இருப்பதிலேயே செலவு குறைந்தது வியட்நாம் என்று விமல் சொன்னான். ஆறு நாள், திருச்சியிலிருந்து விமானம், ஜனவரியில் பொங்கல் கழிந்து. ரூமுக்கு இரண்டு பேர். நானும் ராவியத்தும் ஒரு ரூம் என்பது பெயர் கொடுத்த அன்றே முடிவான விஷயம். ஒரே நாளில் மதுரைக்குப் போய், ஒரே வரிசையில் நின்று பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தோம். அவள் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். போய்ட்டு வா என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாராம்.

செப்டம்பரில் ஒருநாள் பஸ்ஸில் வரும்போது, "அங்க நமக்குச் சாப்பாடு எப்படிட்டி?" என்று ராவியத் கேட்டாள். கேட்டது அம்புட்டுத்தான். நீ விடு, நான் எழுதிக் கேட்கிறேன் என்றேன்.

கம்பெனியில் கடிதம் என்றால் நான்தான். லோடு வரத் தாமதமானாலும், கரண்ட் ஆபீசுக்கு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பில் படித்த ஒழுங்கை இன்றுவரை விட்டதில்லை: அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் "அங்க போய்ப் பாத்துக்கலாம்க்கா" என்பான் விமல். எழுதிக் கேட்டால் எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து, குறைந்த செலவில் வெளிநாடு போகிற முஸ்லிம்கள் என்னென்ன கேட்டு வாங்குகிறார்கள் என்று போனில் தேடித் தேடிப் படித்தேன். ஹலால் சான்றிதழ், தனிப் பாத்திரம், அறையில் தொழுகைத் திசைக்கு அடையாளம், கழிவறையில் தண்ணீர்க் குழாய், மது விற்காத ஓட்டல், பெண்கள் தொழத் தனி இடம், தொழுகை நேரத்தை ஒட்டிப் பஸ் புறப்பாடு என்று போய்ப் பதினான்கில் நின்றது. வரிசை எண் போட்டு அனுப்பினேன்.

முதல் பதில், "அன்புள்ள ஐயா" என்று தொடங்கி, சைவம் அசைவம் இரண்டும் உண்டு என்றது. நான் ஐயாவும் இல்லை, கேட்டது அதுவும் இல்லை. இரண்டாவது பதில், ஜெயின் சாப்பாடு ஏற்பாடு செய்யலாம் என்றது. மூன்றாவதற்குக் கடிதமே இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு பிரியாணிப் படமும் கீழே ஒரு கட்டைவிரலும் வந்தன. ஒவ்வொரு தடவையும் பழைய கடிதத் தேதிகளைப் பார்வையில் சேர்த்து, பதினான்கையும் மறுபடி எழுதி அனுப்பினேன். நான்காவது கடிதத்தில் என் கோபம் எழுத்திலேயே தெரிந்தது. பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்திருந்தது.

அந்த நான்காவதற்குப் பதில்தான் வியாழக்கிழமை வந்திருந்தது. விமலே போனில் வாசித்தான். மேற்படி முஸ்லிம் பயணிக்குப் பதினான்கு வசதிகளும் செய்தாகிவிட்டது. நகரத்தின் வேறொரு பகுதியில் தனி ஓட்டல். தனி வேன். வேறு ஊரிலிருந்து வரும் முஸ்லிம் குடும்பங்கள் இருக்கும் குழுவில் சேர்த்தாகிவிட்டது. பார்க்கிற இடங்கள் அதேதான், நாள் மட்டும் மாறும். போகும்போதும் வரும்போதும் விமானத்தில் எங்களோடு இருக்கலாம்.

"ஒண்ணுகூட விடலக்கா. பதினாலுக்கும் டிக் போட்டாச்சு" என்றான். பரீட்சையில் நூறு வாங்கின பையன் குரல்.

வேலுசாமி அண்ணாச்சி பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தார். இரண்டு மாதமாக இந்தக் கடிதத்தால் முதலாளிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான். "பொறவு என்னம்மா, கேட்டது பூராம் கிடைச்சிட்டுல்லா" என்று தொட்டிப் பக்கம் திரும்பினார்.

ராவியத் எழுந்து நின்றாள். "என் பேரை எடுத்துருங்க அண்ணாச்சி. நான் வரல."

உடனே போனுக்குள்ளிருந்து விமல் பேசினான். பத்துப் பேர் இருந்தால்தான் குரூப் டிக்கெட், ஒன்பதென்றால் எல்லாருக்கும் மாறும், திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் பெயர் உறுதியாக வேண்டும். அவர்களுடைய சிஸ்டத்தில் முஸ்லிம் பேக்கேஜ் என்று தனியாக இருக்கிறதாம். அதில் மாற்றிப் போட்டதைத் திருப்ப வேண்டுமென்றால் எழுத்தில் வர வேண்டுமாம். பேசிக்கொண்டிருக்கும்போதே ஊறுகாய் டப்பா நழுவிப் போன் குப்புற விழுந்தது. யாரும் எடுத்து நிமிர்த்தவில்லை.

இசக்கிமுத்து அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டான். "அவியளுக்கு என்னதான் வேணுமாம்?"

"ஏலே, நீ வியட்நாமுக்குன்னு நாலு கிலோ இட்லிப்பொடி இடிச்சு வச்சிருக்க. உனக்கு என்ன வேணும்னு எவனாவது லெட்டர் போட்டானா?" என்றாள் தங்கபாய் அக்கா, டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே.

எனக்கு ராவியத் மேல்தான் எரிச்சல். இரண்டு மாதம், நான்கு கடிதம். ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள். சாயங்காலம் பஞ்ச் வைக்கிற இடத்தில் வேலுசாமி அண்ணாச்சி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அவர் மச்சினியிடம் பாஸ்போர்ட் இருக்கிறதாம். ராவியத்துக்குப் பதில் அந்தப் பெயரைப் போட்டு ஒரு கடிதம் எழுதி, வெள்ளிக்கிழமை காலையிலேயே அனுப்பிவிடச் சொன்னார். பெர்மிஷன் வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள் என்றார். சரி என்று தலையாட்டினேன். அந்தக் கோபத்தில் ஆட்டினேன்.

ஐந்தே முக்கால் பஸ்ஸில் ராவியத் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இடம் போட்டிருந்தாள். உட்கார்ந்ததுமே ஆரம்பித்தேன். எது குறை, சொல்லு, ஐந்தாவது கடிதமும் எழுதுகிறேன் என்றேன். அவள் கையை நீட்டி ஃபைலைக் கேட்டாள்.

நான்கு கடிதத்தையும் பஸ் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு வரி விடாமல் படித்தாள். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போகிறவரை தலை நிமிரவில்லை. நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நல்லது சொல்வாள் என்று அப்போதும் எதிர்பார்த்தேன்.

"நாலு லெட்டர்ல என் பேரு எங்கட்டி?"

எட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் 'மேற்படி முஸ்லிம் பயணி' என்றுதான் இருந்தது. பெயர்கள் இணைப்பில் இருக்கின்றன, கடிதத்தில் அப்படித்தான் எழுதுவது முறை என்றேன்.

"சாராயம் விக்காத ஓட்டல் வேணும்னு நான் என்னைக்குச் சொன்னேன்?"

நான் படித்த இடத்தில் அப்படித்தான் போட்டிருந்தது என்றேன்.

"நீ என்ன குடிக்கவா போற? பொறவு எனக்கென்ன."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் வரவில்லை. பிறகு மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவளும் மகள் போனில் பார்த்திருக்கிறாள். நாங்கள் தங்கப் போகிற சைகோன் நகரத்து நடுவிலேயே பள்ளிவாசல் இருக்கிறது. அந்தப் பக்கம் அவள் சாப்பிடுகிற மாதிரிக் கடைகள் இருக்கின்றன. ஒரு சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் நடந்தே போய்விட்டு வரலாம் என்று என்னிடம் சொல்லாமலே முடிவு செய்து வைத்திருந்தாள். மற்ற நாளைக்கு முட்டை, மீன், சோறு, பழம். சின்னக் கரண்ட் குக்கர் ஒன்று வாங்கிப் பையில் வைத்துவிட்டாள், ஒரு கிலோ அரிசியும் பருப்பும் இரண்டு பேருக்கும் சேர்த்து. பயணத்தில் இருப்பவர்கள் தொழுகையைச் சுருக்கித் தொழலாம், மத்தியான லுஹரையும் சாயங்கால அஸரையும் சேர்த்துக்கொள்ளலாம். மத்தியானம் பஸ் பத்து நிமிஷம் நின்றால் போதும். தொழுகைப் பாய் கைப்பைக்குள்ளேயே மடங்கிவிடும். திசைக்குப் போன் இருக்கிறது. கழிவறைத் தண்ணீருக்கு ஒரு பிளாஸ்டிக் மக் எடுத்துக்கொண்டால் முடிந்தது.

"வெள்ளிக்கிழமை நீ கவிச்சி தொடமாட்ட. அங்க போயி என்ன செய்வ?"

பழத்தைத் தின்று சமாளித்துக்கொள்வேன் என்றேன்.

"அதுக்கு ஏதும் லெட்டர் போட்டியா?"

கல்யாணமான நாளிலிருந்து வெள்ளிக்கிழமை விரதம் எனக்கு. வியட்நாமில் அது எப்படி என்று யாரிடமும் எழுதிக் கேட்கத் தோன்றவே இல்லை. அம்புட்டும் உனக்காகத்தானே செய்தேன், கண்ணு வலிக்கப் படித்தேன் என்றேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. என்னைக் கேக்காம எழுதியிருக்க." ஃபைலை மூடி என் மடியில் வைத்தாள். "தெரியாத ஆளுகளோட ஆறு நாளு கிடக்கவா நான் பாஸ்போர்ட் எடுத்தேன்? உன்கூடப் போகத்தான எடுத்தேன்."

மடவார் வளாகம் ஸ்டாப்பில் நான் இறங்க வேண்டும். பஸ் நின்றது, கிளம்பியது. நான் இறங்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், வேலுசாமி அண்ணாச்சி எழுதச் சொன்ன கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். தலையாட்டினதையும் சொன்னேன். மறைத்துவைத்து என்ன ஆகப் போகிறது. ராவியத் விமலுக்குப் போன் போடச் சொன்னாள். போட்டேன். ஆபீஸ் மூடிவிட்டது, எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்கக்கா, போனில் சொன்னால் சிஸ்டம் எடுக்காது என்றான். ராவியத் பேச வேண்டுமாம் என்றேன். "எந்த ராவியத்?" என்று கேட்டான். இரண்டு மாதமாக அவளுக்குப் பதினான்கு டிக் போட்டவன். போனை வைத்துவிட்டேன். அவனைத் திட்ட வாய் வரவில்லை. அவனுக்கு அந்தப் பெயரை யார் சொன்னார்கள்?

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தபால் ஆபீஸ் திறக்கும்போது நாங்கள்தான் முதல் ஆள். பசைச் சட்டி இருக்கிற சாய்வு மேஜையில் தாளை விரித்தேன். ராவியத் என் பக்கத்தில் ஒட்டி நின்றுகொண்டாள். பழக்க தோஷத்தில் 'மேற்படி' என்று ஆரம்பித்து, அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். பார்வை என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

"பொருள்: ராவியத், மாரிசெல்வி இருவருக்கும் ஒரே அறை வேண்டுதல். ராவியத் என்னும் எனக்காக இதற்கு முன் கேட்ட பதினான்கும் வேண்டாம். பன்றி இறைச்சியும் கொழுப்பும் சேராத முட்டை, மீன், சோறு, பழம், இவற்றில் எது கிடைத்தாலும் போதும். தினமும் மத்தியானம் பஸ் பத்து நிமிஷம் நிற்க வேண்டும். ஒரு சாயங்காலம் பள்ளிவாசலுக்கு நாங்களே போய் வருவோம். மற்ற எட்டுப் பேர் தங்கும் ஓட்டலிலேயே நாங்கள் இருவரும் ஒரே அறையில் தங்குவோம்."

அதோடு முடிக்கச் சொன்னாள். நான் அடியில் இன்னும் ஒரு வரி சேர்த்தேன். "இது முடியாதென்றால் இரண்டு பேர் பெயரையும் எடுத்துவிடவும்."

ராவியத் பேனாவைப் பிடித்தாள். அந்த வரியை அடி என்றாள். நாம் இரண்டு பேரும் விலகினால் மச்சினி வந்தாலும் ஒன்பதுதானே, எல்லார் வாயிலும் விழ வேண்டும், முதலாளி காதுக்குப் போகும் என்றாள். போகட்டும் என்றேன். நான்கு கடிதமும் உன்னைக் கேட்காமல் எழுதினேன், இந்த ஒரு வரியையும் அப்படியே விட்டுவிடு என்றேன்.

"கிறுக்கச்சி" என்றாள். பிறகு அவள்தான் முதலில் கையெழுத்துப் போட்டாள். அவள் கையெழுத்துக்குக் கீழே நான் போட்டேன்.

தாளை மூன்றாக மடித்துக் கவரில் போட்டேன். பசையை அவள் தடவினாள், தாராளமாகவே தடவினாள், ஓரத்தில் பிதுங்கியது. முன்னெல்லாம் இந்த மாதிரிக் கடிதத்தை ரிஜிஸ்தரில் அனுப்புவேன். இப்போது தனியாக அது கிடையாது, எல்லாம் ஸ்பீடு போஸ்ட்தான். கவுன்ட்டர் அம்மா கவரைத் திருப்பிப் பார்த்து, அனுப்புநர் இடத்தில் இரண்டு பெயர் இருக்கிறதே, ரசீதுக்கு எந்தப் பெயர் அடிக்க என்று கேட்டாள்.

என் போன் அடித்தது. வேலுசாமி அண்ணாச்சி. கடிதம் போட்டாச்சா என்று கேட்கத்தான் இருக்கும். எடுக்காமல் பைக்குள் போட்டேன்.

"ராவியத்னு அடிங்க" என்றேன்.

அந்த அம்மா எழுத்துக் கூட்டி அடித்தாள், ஸ்டிக்கரைக் கவரில் ஒட்டி உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தினாள், பின்னால் தொங்கிய மதுரைத் தபால் பைக்குள் போட்டாள்.