கிழக்கறை மணி

ரைகில் மாளிகையில் கிழக்கறை மணி மறுபடியும் அடித்தது. கிழக்கறையில் ஆள் கிடையாது. அங்கே நோயில் படுத்திருந்த செசிலி இறந்து சில குளிர்காலங்கள் போய்விட்டன. அறை பூட்டியிருக்கிறது, சாவி அவள் கணவர் ஆம்ப்ரோஸ் ஸ்கெல்ட்டனின் கோட்டுப் பையில் இருக்கிறது. இருந்தும் இந்த ஜனவரி பிறந்ததிலிருந்து, சில காலைகளில், முட்டையும் பன்றிக்கறியும் மேசைக்கு வரும் நேரம் பார்த்து மணி அடிக்கிறது.

அடித்ததும் ஆம்ப்ரோஸ் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவார். அவருடைய இரண்டாம் மனைவி லவினியா எதிர் நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். முதலில் தேநீர் ஆறுவதற்குள் திரும்பி வந்தார். பிறகு மதியம்வரை அங்கேயே இருந்தார். மாதக் கடைசியில் தன் படுக்கையையும் கிழக்கறைக்கு எடுத்துப்போகச் சொல்லிவிட்டார். இந்த மணி நிற்காவிட்டால் தன் கணவர் அந்த அறையிலிருந்து இறங்கி வரவே மாட்டார் என்று லவினியாவுக்குப் புரிந்தது.

சமையல்காரி டக்வெல் அம்மாளுக்கு இது வேடிக்கை. "பெரிய எஜமானி உசுரோட இருந்தப்பவும் இப்படித்தாம்மா. மேசையில தட்டு வைக்கிற சத்தம் கேட்டா போதும், மணியப் பிடிச்சு இழுத்துடுவாங்க" என்றாள்.

லவினியா சிரிக்கவில்லை. பேயை நம்புகிறவளும் அல்ல. மணிகள் தொங்கும் சமையல்கட்டு நடைக்கு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, மணியைப் பார்த்தாள்.

இந்த மணிகள் வேலை செய்யும் விதம் எளிது, அழகும்கூட. அறையில் கணப்பு அடுப்பின் பக்கத்தில் ஒரு கயிறு தொங்கும். அதை இழுத்தால் சுவருக்குள் ஓடும் செப்புக்கம்பி இழுபடும். கம்பி தானாக மூலை திரும்பாது. அதனால் ஒவ்வொரு மூலையிலும் முக்கோண வடிவில் ஒரு பித்தளைத் துண்டு, நடுவில் ஆணி அடித்து, ஆடும்படி வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் இழுத்தால் அது திரும்பி மறுபக்கத்துக் கம்பியை இழுக்கும். இப்படி மூலைக்கு மூலை கைமாறி, கடைசியில் சமையல்கட்டு நடையில் சுருள்வில்லில் தொங்கும் மணிக்கு இழுப்பு வந்து சேரும். ஒவ்வொரு மணிக்கும் கீழே அறையின் பெயர் எழுதியிருக்கும். மணிச் சத்தம் அடங்கிய பிறகும் வில் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருக்கும். அது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. இரண்டு கையும் மாவில் இருக்கும் வேலைக்காரி, மெதுவாகக் கை துடைத்துக்கொண்டு வந்து நிமிர்ந்து பார்த்தாலும் எந்த அறையில் கூப்பிட்டார்கள் என்று தெரிந்துவிடும்.

வீட்டு எஜமானர் அதைப் பார்க்க வேண்டியதில்லை. மணி ஊழியர்களுக்கானது. அது காதில் விழுந்தாலும் விழாததுபோல் நடந்துபோவதுதான் முறை. ஆம்ப்ரோஸ் அப்படித்தான் வளர்க்கப்பட்டவர். செசிலி இறந்த காலை, வீட்டில் பன்றி அடித்துக்கொண்டிருந்தார்கள்; ஊழியர்கள் அத்தனை பேரும் கொல்லையில். ஆம்ப்ரோஸ் மேட்டுநிலத்தில் நடந்துவிட்டு, சேற்று பூட்ஸோடு இந்த நடை வழியாக உள்ளே வந்தார். தலைக்கு மேல் கிழக்கறை மணி அடித்தது. யாராவது போவார்கள் என்று எண்ணிக் கடந்துபோனார். யாரும் போகவில்லை. அன்று அவரோடு நடந்துவிட்டு வந்தவள் லவினியா. அப்போது அவள் செசிலிக்குத் துணையாக, சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட பெண்.

மணி அடித்த காலைகளை லவினியா யோசித்துப் பார்த்தாள். எல்லாமே உறைபனி விழுந்த காலைகள். ஆனால் விடியலில் ஒருநாளும் அடித்ததில்லை. காலை உணவறையில் கணப்பு மூட்டிக் கொஞ்ச நேரம் கழித்தே அடித்தது. ஒரு பனிநாளில் அங்கே தீ மூட்ட வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். டக்வெல் அம்மாள் பல் கிட்டிக்க முனகிக்கொண்டே பரிமாறினாள். மணி அடிக்கவில்லை. அன்று பிற்பகல், குளிர் அப்படியே இருக்கையில், தீயை மூட்டச் சொல்லிவிட்டு, மாடிக்குப் போய்க் கணவரை அழைத்து வந்தாள். வெறுமனே நடையில் நின்று மணியைப் பார்த்துக்கொண்டிருக்கும்படி சொன்னாள்.

நின்றார்கள். மணி துள்ளி அடித்தது. ஆம்ப்ரோஸ் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விளக்கினாள். கிழக்கறைக் கம்பி காலை உணவறைக் கணப்பின் புகைபோக்கிக்குப் பின்னால் ஓடுகிறது. இரவுக் குளிரில் செம்பு சுருங்கி, மூலையிலிருக்கும் பித்தளைத் துண்டைக் கொஞ்சம் இழுத்துவிடுகிறது. துண்டில் இந்த வருடம் பச்சைக் களிம்பு அதிகமாக ஏறியிருப்பதால் இழுத்த இடத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. தீ மூட்டியதும் கம்பி சூடேறித் தளர்கிறது. பிடி விட்ட துண்டு சட்டென்று பின்னால் துள்ள, மணி குலுங்குகிறது.

ஆம்ப்ரோஸ் வெகுநேரம் மணியையே பார்த்தார். அவர் முகம் இளகுவதை அவள் பார்த்தாள். கல்யாணமான புதிதில் இருந்த முகம் அது.

"அப்போ அன்னைக்கும் இதேதானா லவினியா? அன்னைக்கும் நல்ல பனி."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் இன்றே படுக்கையைக் கீழே கொண்டுவரச் சொல்லிவிடுவார். அந்த வார்த்தை வாய்வரை வந்தது.

"இல்லைங்க. அன்னைக்கு அந்தச் சுவத்துல கணப்பே கிடையாது. கல்யாணத்துக்கு அப்புறம் காலை உணவறை குளிருதுன்னு நான்தான் கட்டச் சொன்னேன். கொத்தனார் அப்பத்தான் கம்பியப் புகைபோக்கிக்குப் பின்னால திருப்பிவிட்டாரு."

"அப்போ கூப்பிட்டது அவதான்."

"அவங்கதான். எனக்கும் கேட்டுச்சு."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை காலமும் அவள் அதைக் கவனிக்கவில்லை என்றே நினைத்திருந்தார்.

"மணிக்குப் போறது என் வேலை இல்லேன்னு நினைச்சுட்டேன்" என்றார்.

"அது என் வேலையாவே இருந்துச்சு. உங்களோட இன்னும் நாலு அடி நடக்கணும்னு இருந்தது எனக்கு."

அவர் மாடிக்குத்தான் போனார். ஆனால் இந்த முறை அவளும் கூடப் போனாள். கதவை அவர் சாத்தவில்லை. இருட்டும்வரை, செசிலியின் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் தன்னை மன்னித்தாரா என்று அவள் கேட்கவில்லை. தன்னையே அவர் மன்னித்துக்கொள்ளாதபோது அதைக் கேட்பதில் பயனில்லை. படுக்கை கீழே வந்தது பனி உருகி வெகுநாள் கழித்துத்தான். அப்போதும் பழைய முகம் திரும்பவில்லை.

பித்தளைத் துண்டைச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டார்கள். கம்பியைப் புகைபோக்கியிலிருந்து விலக்கி வேறு வழியில் ஓட்டினார்கள். அதோடு மணி தானாக அடிப்பது நின்றது. இன்னொன்றையும் ஆம்ப்ரோஸ் மாற்றினார். வசந்தத்தில் ஒருநாள் வரவேற்பறை மணி அடித்தபோது அவரே போய் நின்றார். மணியை இழுத்திருந்த அவருடைய அத்தை, வேலைக்காரி எங்கே என்று அவரிடமே கேட்டார். சமையல்கட்டில் டக்வெல் அம்மாள், "எஜமானர் இப்படி ஓடினா எங்களுக்கு இங்க என்னம்மா வேலை?" என்று லவினியாவிடம் குறைப்பட்டுக்கொண்டாள். இனிமேல் இங்கே இதுதான் வழக்கம் என்றாள் லவினியா: எந்த அறை மணி அடித்தாலும், எஜமானரோ எஜமானியோ ஊழியரோ, கிட்டத்தில் இருப்பவர் போக வேண்டும்.